திண்டிவனத்தில் மட்டும் வந்த தண்ணி சீன்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் கடைப் பலகையில் ‘பஞ்சர்’ என்ற ஒரே சொல்தான். அதிலும் புள்ளியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கப் போகிறவன் என் மச்சான். பிழையை அவன் திருத்தலாம், விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏனென்றால் விஷயத்தில் அவனும் வருகிறான்.

என் வீடு திண்டிவனத்தில். கடை கூட்டேரிப்பட்டில், ரோட்டோரம். என் மனைவி கோலியனூர்க்காரி. மச்சான் என்றது அவளுடைய தம்பியை. விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நான் அதிகம் பேசாதவன். கடைக்கு வரும் லாரிக்காரர்கள் சிலர் என்னை ஊமை என்று நினைத்துச் சைகையில் பேசுவார்கள். நானும் சைகையிலேயே பதில் சொல்லிவிடுவேன். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

இருபது வயதில் திண்டிவனம் தியேட்டர் ஒன்றில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன். தமிழில் பேச வைத்திருந்தார்கள். ராக்கெட்டில் போன ஒரு ஆள், தண்ணீரே இல்லாத கிரகத்தில் இறங்கி மாட்டிக்கொள்கிறான். துணைக்கு ஒரு இயந்திரம். அது ஓயாமல் பேசும். இவனுக்கு நாக்கு வறண்டு பேச்சு வராது. பேச்சு வராதவன் கதாநாயகனாக வந்த படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏழெட்டு தடவை போனேன்.

அதில் ஒரு சீன். அந்த ஆள் மணலில் குப்புற விழுந்துவிடுகிறான். செத்தான் என்றே நினைப்போம். அப்போது திடீரென்று ஒரு பித்தளைக் குடம். அதைச் சாய்க்கும் கை. கை நிறைய வளையல், முகம் தெரியாது. கீழே ஏந்திய இரண்டு கைகளில் தண்ணீர் விழுந்து வழிகிறது. பின்னால் நாதஸ்வரம். அடுத்து பார்த்தால் ஆள் எழுந்து நடக்கிறான். தியேட்டரே விசிலடிக்கும். சாகப் போகிறவனுக்குக் கனவில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அந்தத் தெம்பில் எழுந்தான் என்று நான் புரிந்துகொண்டேன். அந்த டைரக்டர் பெரிய ஆள்தான் என்று முடிவு செய்தேன்.

கோலியனூருக்குப் பெண் பார்க்கப் போனபோது பெரியவர்கள் எங்களைப் பேசச் சொல்லி, பின்பக்கம் அடிபம்பு அருகே விட்டுவிட்டார்கள். நான் அடிபம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

“எதனா பேசுங்க. உள்ள எல்லாரும் காதத் தீட்டிக்கினு கீறாங்க.”

பம்பைப் பார்த்ததில் அந்தத் தண்ணீர் சீன்தான் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏந்துன கை வெள்ளக்காரன் கை தானங்க?”

“இல்ல, கொஞ்சம் கருப்பாதான் இருந்திச்சி. வெயில்ல அலஞ்சி கருத்துட்டிருப்பான்.”

“பாவம். கடசியா தண்ணி குடிச்சானா?”

“குடிச்சான்.”

“அப்ப சரி” என்றாள்.

அந்த ‘அப்ப சரி’ எனக்கா, அந்த ஆளுக்கா என்று அன்றைக்குப் புரியவில்லை. உள்ளே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணம் ஆகிச் சில வருடம் கழித்து ஒரு பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். கோலியனூர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். ஆள் மணலில் விழுந்தான். எழுந்தான். நடந்தான். அவ்வளவுதான். குடமும் இல்லை, கையும் இல்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மச்சான் அப்போது மீசை முளைக்கிற வயது.

“மாமா, விழுப்புரத்துல நானே ரெண்டு வாட்டி பாத்திருக்கேன். அப்பிடி ஒரு சீனே கெடயாது. எங்க அக்காவ ஏமாத்திக் கட்டிக்கினியா?”

“திண்டிவனத்துல வந்திச்சி மச்சான்.”

“திண்டிவனத்துக்குன்னு தனியா எடுத்தானா அமெரிக்காக்காரன்?”

வீடே சிரித்தது. நான் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து என் பேச்சுக்கு வீட்டில் மதிப்புப் போய்விட்டது. கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்று சொன்னால், “நெஜமா கட்டினியா, தண்ணி சீனு மாரி கட்டினியா?” என்பாள். சாப்பிட்டுவிட்டேன் என்றால் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் நான் பேசுவதே குறைவு. அந்தக் குறைவையும் நம்ப ஆளில்லை என்றால் மனுஷனுக்கு என்ன மிச்சம்? எல்லாவற்றையும்விட, அவள் சம்மதம் சொன்னது அந்தச் சீனுக்காக. அது பொய்யென்றால் அந்தச் சம்மதமும் பொய்யாகிவிடும் போலத் தோன்றி எனக்குத் தூக்கம் கெட்டது உண்டு.

இப்படி இருக்கையில் போன வருடம் மச்சான் கடைக்கே வந்தான். போனில் அந்தப் படத்து ரசிகர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அதற்கு அவன்தான் தலைவர். மூச்சு வாங்கச் சொன்னான்.

“மாமா, டைரக்டரு படத்த திரும்ப வெட்டி ஒட்டிக்கினு கீறாரு. அப்ப கம்பெனிக்காரன் அவர் இஸ்டத்துக்கு விடலயாம். நெறய சீன தூக்கிட்டானாம். இப்ப அதெல்லாம் சேத்து, இதான் என் கடசிப் படம், இனிமே இதுல கைவைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. டைரக்டர் கட்டுன்னு பேரு.”

“தூக்குன சீனெல்லாம் வருதா?”

“யாருமே பாக்காத சீனாம் மாமா.”

“அப்ப தண்ணி சீனு வராது. நான்தான் பாத்திருக்கேனே” என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் எனக்கு உள்ளே ஆசை வந்துவிட்டது. தூக்கிவிட்டார்கள் என்றால், தூக்குவதற்கு முன் இருந்திருக்க வேண்டுமே! தூக்குவதற்கு முந்திய படப்பெட்டி எப்படியோ திண்டிவனத்துக்கு வந்துவிட்டது. இதுதான் நடந்திருக்கும்.

அதிலிருந்து நானும் அந்தக் குழுவில் ஒருவன். ஒன்றும் எழுத மாட்டேன், படிப்பேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். டைரக்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் போட்டார். அன்று நான் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டு, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்காமலே நின்றிருந்தேன். நன்றாகிவிட்டார் என்று இன்னொருவர் போட்டதும்தான் கை ஓடியது. பேர் தெரியாத ஒரு வெள்ளைக்கார முதியவருக்காக மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் வேண்டினேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தமிழில் பேசவைத்து, விழுப்புரத்தில் ஒரு ஞாயிறு காலைக் காட்சி மட்டும் என்று முடிவானது. மனைவியும் கிளம்பினாள்.

“நானும் வர்றேன். இருந்திச்சின்னா ஜென்மத்துக்கும் அந்தப் பேச்ச எடுக்க மாட்டேன். இல்லன்னா, நீ மூச்சு விடறேன்னு சொன்னாகூட மூக்குல கை வெச்சிப் பாத்துட்டுதான் நம்புவேன்.”

தியேட்டர் வாசலில் குழு பெரிய பேனர் கட்டியிருந்தது. வெள்ளைத் தாடியோடு ஒருவர் சிரித்தார். பால் ஊற்றினார்கள். பாதிப் பால் ஊற்றிய பிறகு ஒரு பையன் போனைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது டைரக்டர் இல்லண்ணா” என்றான். பேனர் கடைக்காரர் ஏதோ ஒரு தாடிக்காரரை எடுத்துப் போட்டுவிட்டாராம். எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

“ஊத்துங்கடா. யாரோ நல்ல மனுசனாதான் தெரியறாரு” என்றாள் என் மனைவி. மீதிப் பாலையும் ஊற்றினார்கள்.

உள்ளே தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. அவள் வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கைப்பையில் வைத்து முந்தானையால் மூடிக் கொண்டுவந்துவிட்டாள். ராக்கெட் கிளம்புகிற சத்தத்தில் முதல் பிடியை உரித்தாள். எனக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மச்சான். படம் நீளமாகியிருந்தது. இயந்திரம் முன்பைவிட அதிகம் பேசியது. மச்சான் ஒவ்வொரு புதுச் சீனுக்கும் என் தொடையைக் கிள்ளினான்.

ஆள் தள்ளாட ஆரம்பித்தான். மனைவி உரிப்பதை நிறுத்தினாள்.

விழுந்தான். முன்பெல்லாம் உடனே எழுந்துவிடுவான். இப்போது எழவில்லை. டைரக்டர் அவனை அப்படியே கிடக்க விட்டார். காற்று அடித்தது. மணல் அவன் முதுகில் ஏறியது. இயந்திரம்கூடப் பேச்சை நிறுத்திவிட்டது. வருகிறது, இதோ குடம் வருகிறது என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன். அது மச்சானின் கை.

எழுந்தான். நடந்தான்.

குடம் வரவில்லை.

மச்சான் என் காதருகே வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள், பின்வரிசையில் இருந்து ஒரு குரல்.

“டேய் ஆப்பரேட்டரு! கட்டு பண்ணிட்டியாடா!”

வலது பக்கம் இன்னொரு குரல்: “தண்ணி சீனு எங்கடா?”

முன்னாலிருந்து ஒருவர் எழுந்து பின்பக்கச் சுவரின் சின்ன ஜன்னலைப் பார்த்துக் கையை வீசினார். “கொடத்தப் போட்றா! காசு குடுத்துதானே வந்தோம்!” இன்னும் இரண்டு மூன்று பேர் காலால் தரையைத் தட்டினார்கள். எல்லோரும் என் வயது. எல்லோருக்கும் வழுக்கையோ தொப்பையோ இருந்தது. அந்தக் காலத்தில் ரீல் அறுந்தால் எங்கள் ஊரில் இப்படித்தான் ஜனங்கள் ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்கள். கத்தினால் ஒட்டிப் போடுவார்கள். இப்போது அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஆளே இல்லை. பழக்கம் விடவில்லை.

டார்ச் லைட்டோடு ஒரு பணியாளர் ஓடிவந்தார். “சார், இது கம்ப்யூட்டர்ல வருது சார். கட்டு பண்ண முடியாது சார். உக்காருங்க.”

“இவங்கல்லாம் யாருய்யா?” என்றாள் மனைவி.

“தெரியாது. திண்டிவனமா இருக்கும்.”

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு முழங்கையால் இடித்தாள். “அப்ப நீ ஏன் கம்முனு குந்திக்கினு கீற? எந்திரிச்சிக் கத்துய்யா!”

நான் எழுந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் அடங்கி உட்கார்ந்துவிட்டார்கள். தியேட்டர் முழுக்க அமைதி. அந்த அமைதியில் என் குரல் மட்டும் கேட்டது.

“தண்ணி சீனப் போடுங்க சார்.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் கை நிறைய மல்லாட்டை கொடுத்தாள். உரித்த மல்லாட்டை.

இடைவேளையில் டீ விற்கும் இடத்தில் கத்தியவர்கள் எல்லோரும் தானாகவே ஒன்று சேர்ந்தோம். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. ஆனால் குடத்தை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வளையல் பச்சை என்றார் ஒருவர், சிவப்பு என்றார் இன்னொருவர். அப்போது ஒரு பெரியவர் மெதுவாக வந்தார். அவர் கத்தவில்லை, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

“நான் திண்டிவனத்துல அந்தத் தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சவன். அந்தக் கொடம் டைரக்டரு வெச்சது இல்லீங்க. பெட்டி வரும்போதே அந்த எடத்துல ரீலு கந்தலு. மொத நாளு கட்டு கட்டுன்னு கத்தி, சீட்டெல்லாம் கிழிச்சிட்டாங்க. எங்க ஆப்பரேட்டருக்கு பேஜாரா பூட்ச்சி. கைக்குக் கெடச்ச துண்டு ஒண்ண எடுத்து ஒட்டிட்டான்.”

“இன்னா துண்டு?” என்றான் மச்சான்.

“எங்க ஊர்ல ஒரு பாத்திரக்கட இருந்திச்சி. அவங்க வெளம்பரம். கட பேரு வர்றதுக்கு முன்னாடி வெட்டிட்டான். ஜனங்க விசிலடிக்கவும் அப்பிடியே உட்டுட்டோம்.”

டீ ஆறியது. பச்சை வளையல்காரர் மட்டும், “அதான் நாதஸ்வரமா” என்று முணுமுணுத்தார்.

மச்சான் முகத்தைப் பார்க்க நான் பயந்தேன். ஆனால் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்துப் பெரியவர் முன்னால் நீட்டினான்.

“ஐயா, இத திரும்ப ஒருவாட்டி சொல்லுங்க. டைரக்டர் கட்டுன்னு எத்தினியோ கீது. உலகத்துலயே திண்டிவனம் கட்டு ஒண்ணுதான். மாமா, நீதான் அத மொத மொதல்ல சொன்ன ஆளு. நீ எழுதித் தர்ற, நான் போட்றேன்.”

அப்படித்தான் இதை எழுதும்படி ஆயிற்று.

திரும்பி வரும் பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோய்க் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப பாத்திரக்கட வெளம்பரத்தப் பாத்துட்டுதான் நான் கழுத்த நீட்டியிருக்கேன்.”

“நான் பாத்தது நெஜம்தானே” என்றேன்.

“நெஜம்தான்யா. அதான் சிரிக்கிறேன். வாங்குன கொடமும் இத்தினி வருசமா ஒழுகல.”

மறுநாள் காலை, “கேஸ் புக் பண்ணிட்டியா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“பண்ணிட்டேன்.”

தண்ணீர் சீன் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினாள். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். சைக்கிளை எடுத்துத் தெருமுனை வரை வந்துவிட்டேன். அங்கே வந்த பிறகுதான், கேஸ் புக் பண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முன்பு என்றால் அவள் கேட்கும் இரண்டாவது கேள்வியில் அது தெரிந்திருக்கும். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, மச்சானுக்குப் போன் போட்டு, எந்த நம்பரை அழுத்துவது என்று கேட்டு, பதறிப் பதறிப் பண்ணி முடித்தேன். நம்புகிறவர்களோடு குடித்தனம் நடத்துவது கொஞ்சம் கஷ்டம்தான் போலிருக்கிறது.

ஐப்பசி பதினான்கு, செவ்வாய்க்கிழமை. மழை, கடைக்கு வண்டி ஒன்றும் வரவில்லை.