சிவப்பு வெளிச்சத்தில் புரோமீன்

வாணி விழா முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை அது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். நமுனுகுல மலையடியில் இருக்கும் எங்கள் தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடரலாமா என்று பார்க்க வலயக் கல்வி அதிகாரி வந்திருந்தார். ஆய்வுகூடம் சரியில்லை என்றால் வகுப்பு பதுளை நகருக்குப் போய்விடும். முன்வரிசை மாணவி ஒருத்தியின் அப்பா என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "பதுளைக்கெல்லாம் பஸ்ஸுல அனுப்ப மாட்டேங்க சேர். இங்க இருந்தா படிக்கட்டும், இல்லாட்டி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகட்டும்."

நான் செய்துகாட்டியது எளிய புரோமீனேற்றம். ஹெக்சேனில் சில துளி புரோமீன், அடைத்த இரண்டு குழாய்கள். ஒன்றை அலுமினியத்தாளால் சுற்றினேன். மற்றதை ஜன்னலோரம் வைத்தேன். வெளிச்சம் பட்டால் புரோமீன் தனி அணுக்களாக, அதாவது சுயாதீன மூலிகங்களாகப் பிளந்து ஹெக்சேனோடு தாக்கம் புரியும். செம்பழுப்பு நிறம் மறையும்.

மறையவில்லை.

"மருந்து பழசோ?" என்றார் அதிகாரி. புதுப் போத்தல். ஹெக்சேனை மாற்றினேன். ஈரமாக இருக்குமோ என்று குழாயையும் மாற்றினேன். அதே நிறம். வெளியே நல்ல வெயில்.

பௌதிகவியல் ஆசிரியர் என் காதருகே குனிந்தார். "கொஞ்சம் சூடாக்கிப் பாப்பமா சேர்?"

"சும்மா இருங்க, இதென்ன ரசமா? பத்திக்கிச்சுன்னா வகுப்பே வேணாம்."

குழாயை உயர்த்தினேன். என் வெள்ளைச் சட்டைக் கையும் சிவப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். வாணி விழாவின் சரஸ்வதி பூசையை ஆய்வுகூடத்தில்தான் செய்திருந்தோம். ஜன்னல் முழுக்கச் சோடனைக்கு ஒட்டிய சிவப்புக் கண்ணாடித்தாள்; அழகாயிருக்கிறதென்று யாரும் கழற்றவில்லை. புரோமீனைப் பிளக்கும் நீல வெளிச்சத்தை அந்தச் சோடனை உள்ளே விடவேயில்லை.

இரண்டு குழாய்களோடும் வெளியே ஓடினேன். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"சேர், மூடப்போகுது!" என்று அந்த மாணவி கத்தினாள்.

அதிகாரியும் பக்கத்தில் வந்து நின்றார். குழாயை வெயிலுக்குக் காட்டினேன். பழுப்பு மஞ்சளானது. மஞ்சள் அப்படியே நின்றது. மைதானத்தின் மறுகரையைப் பனி மறைத்தது. பிறகு மஞ்சளும் போயிற்று. அலுமினியத்தாளைப் பிரித்தேன், அந்தக் குழாயில் செம்பழுப்பு குறையவே இல்லை.

நிறம்போன குழாயின் அடைப்பை எடுத்தேன்; அதிகாரி ஈரமான நீலப் பாசிச்சாயத்தாளை அதன் வாயருகே பிடித்தார். அமிலப் புகை பட்டுத் தாள் சிவந்தது.

"சோடனை செஞ்சது யாரு?" என்று கேட்டார்.

அதே மாணவிதான் கையை உயர்த்தினாள், முகம் வெளுத்து.

"நாளைக்கு வகுப்புக்கு முன்ன நீயே கழட்டிடணும்."

"நாளைக்கும் வகுப்பு இங்கதானே சேர்?"

"பின்ன?"

நாங்கள் உள்ளே திரும்பியபோது அவள் மேசைமேல் ஏறி ஜன்னலின் சிவப்புத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.