ஞானகுமாரி அக்கா பக்குவப்படுத்துன மண்ணு

எங்க சர்ச்சுப் பங்கோட கல்லறைத் தோட்டம் பருத்திப்பட்டு போற வழியில இருக்கு. ஒரு காலத்துல அது சவுடு மண் குவாரி. ரோடு போட, மனை மேடாக்கன்னு லாரி லாரியா வாரிட்டு, அடியில கெட்டிக் களிமண்ணை அம்போன்னு விட்டுட்டுப் போனாங்க. மலிவா வருதேன்னு பங்குல அந்தப் பள்ளத்தை வாங்கினாங்க. செத்தவங்க குறை சொல்லவா போறாங்க.

இடம் கம்மி. அதனால குடும்பத்துக்கு ஒரே குழி. வருஷங்கள் கழிச்சு அடுத்தவர் போறப்ப அதையே தோண்டுவாங்க. பழையவர் எலும்பாகியிருந்தா வெள்ளைத் துணியில கட்டி ஓரமா வெச்சுட்டு, புதுசா வந்தவரை இறக்குவாங்க. ஆகலைன்னா பழசை மூடிட்டு, புதுசா வந்தவருக்கு மதில் ஓரம் தனிக் குழி.

கமிட்டித் தலைவர் தினகரனோட அம்மா செத்தப்ப, முன்னாடியே போன அவர் அப்பாவோட குழியைத் தோண்டினாங்க. குழி வெட்டுற பூபாலன் உள்ளேர்ந்து தலையைத் தூக்கி, "அண்ணாத்தே, பெர்சு அப்டியே கீது. பாக்கெட்ல பேனா கூட கீது"ன்னான். அம்மாவை மதில் ஓரம், யாரோ ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் பக்கத்துல வெச்சாங்க.

ஞானகுமாரி அக்கா அதைப் பார்த்துட்டாங்க. ஃபேக்டரி குவாட்டர்ஸ்ல இருந்த காலத்துலேர்ந்து எனக்குப் பக்கத்து வீடு. டேங்க் ஃபேக்டரியில இருந்த அவங்க வீட்டுக்காரர் ஜேசுராஜ் அண்ணனும் அந்தத் தோட்டத்துலதான் படுத்திருக்காரு. "ஏன் ஷைலா, காலம் பூரா ஒரே கட்டில்ல படுத்துட்டு, செத்தப்புறம் எவன் பக்கத்துலயோ நான் படுக்கணுமா?"ன்னு கேட்டாங்க. சிரிக்கலாம்னு பார்த்தேன், அக்கா கண்ணு கலங்கியிருந்துது.

மண்ணுல உசுரு இல்ல, அதான் உடம்பு மக்கல. பாதியைக் குவாரிக்காரன் முடிச்சான், மீதியை நாங்க முடிச்சோம். கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி எங்க சனம் பண்ற அட்டூழியம் இருக்கே! புல்லைக் கொளுத்தி, பிளீச்சிங் பவுடர் தூவி, பினாயில் ஊத்திக் கழுவி, அப்புறம்தான் மெழுகுவத்தி. அதுல முதல் பரிசு அக்காவுக்கு. புருஷன் மேல இருந்த பாசத்தை எல்லாம் வருஷா வருஷம் பினாயிலா ஊத்தியிருக்காங்க. புழு பூச்சி எங்கேர்ந்து வரும்?

தான் போறதுக்குள்ள அண்ணன் மக்கியிருக்கணும்னு அக்கா அந்த மண்ணைத் திருத்தக் கிளம்பினாங்க. முதல்ல நர்சரியில மண்புழு வாங்கிக் கொட்டினாங்க. உள்ள இறங்க வழியில்லாம வெயில்ல நெளிஞ்சுது. காக்காய்ங்களுக்கு அன்னைக்குக் கல்யாணச் சாப்பாடு. அப்புறம்தான் அக்காவுக்கு உறைச்சுது, சோறு ஆக்காம விருந்தாளியைக் கூப்பிட்டா எப்படி? கடப்பாறையால மண்ணைக் கிளறி, சாணியும் வேப்பஞ்சருகும் பரப்பி, தண்ணி தெளிச்சோம். சாணி பக்கெட் என் ஸ்கூட்டியிலதான். என் சுடிதார் நாத்தம் அந்த ஆண்டவருக்கே வெளிச்சம். கொஞ்ச நாள் கழிச்சு ஏரிக்கரை ஈரமண்ணைப் புழுவோட அள்ளிட்டு வந்து வெச்சோம். பக்கத்துக் கல்லறைக்கும் சேர்த்துப் போட்டாங்க அக்கா. புழுவுக்கு எல்லைக்கல் தெரியுமான்னு கேட்டாங்க.

"இது கல்லறையா, மாட்டுத் தொழுவமா?"ன்னு தினகரன் சண்டைக்கு வந்தாரு. "உங்க அம்மாவை எங்க வெச்சீங்க தம்பி?"ன்னு அக்கா கேட்டாங்க. மனுஷன் மதில் ஓரத்தைத் திரும்பிப் பார்த்துட்டுப் போயிட்டாரு.

மழைக்கு மழை மண்ணு கறுத்துது. கரையான் வந்துது, மரவட்டை வந்துது. ஒரு ஐப்பசியில மண்புழு தள்ளின மண்ணு குட்டிக் குட்டி உருண்டையா மேல கிடந்துது. அக்கா அதை உள்ளங்கையில வெச்சு, பேரன் போட்டோ காட்டுற மாதிரி தோட்டம் பூரா காட்டிட்டு வந்தாங்க.

அப்பத்தான் ராணி செத்துப் போச்சு. ராணி ஜேசுராஜ் அண்ணன் தங்கச்சி. கல்யாணமே பண்ணிக்காம அக்கா வீட்லயே இருந்து, அக்கா வைக்கிற குழம்புக்குக் காலம் பூரா நொட்டை சொன்ன நாத்தனார். அக்காவை விடச் சின்னவ. யாரும் எதிர்பார்க்கல.

குடும்பத்துக்கு ஒரே குழி. அக்கா ஓரத்துல நின்னாங்க. அண்ணன் எலும்பாகியிருந்தா ராணி உள்ள போயிடும். மறுபடி அந்தக் குழியைத் திறக்க வருஷமாகும், அதுவரைக்கும் அக்காவோட ரிப்பேரான ஹார்ட்டு வால்வு தாங்காது. அப்ப அக்காவுக்கு மதில் ஓரம்தான். இத்தனை பாடுபட்டது பலிக்கக் கூடாதுன்னு நான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்.

மம்மட்டி சத்தமே இல்லாம இறங்குச்சு. "யம்மா, மண்ணு அல்வா கணக்கா கீதும்மா"ன்னான் பூபாலன். கொஞ்ச நேரம் கழிச்சு, "நைனா போய்ட்டாரும்மா. எலும்புதான் கீது"ன்னான்.

அக்கா முகத்துல ஒரு சிரிப்பு வந்துது பாருங்க, பரீட்சையில பாஸான பிள்ளை சிரிப்பு. அப்புறம்தான் உறைச்சு என் கையைப் பிடிச்சாங்க. நகம் பதிஞ்சுது.

தினகரன் குனிஞ்சு மெதுவா, "என்னக்கா பண்ணட்டும்? வேணாம்னா மூடிடலாம்"னாரு.

அக்கா என் கையை விட்டுட்டு குழி ஓரமா குனிஞ்சாங்க. "அவளுக்குத் தனியாப் படுக்க பயம் தம்பி. லைட்டைப் போட்டுட்டுதான் தூங்குவா. அண்ணன்கிட்டயே இருக்கட்டும்"னாங்க. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துது.

மறுவாரம் காலையில கதவைத் தட்டினாங்க. கையில காலி பக்கெட்.

"இன்னும் எதுக்குக்கா?"

"ராணி ஒல்லி. சாணியை நல்லாப் போட்டா சீக்கிரம் போயிடுவா. அவ போற வரைக்கும் நான் போகாம இருக்கணும், அவ்ளோதான். வண்டியை எடு."