தவிடு தின்று வளர்ந்தவள்

தங்கபாய்க்கு இரண்டு இடத்தில் இரண்டு கதை. மிஷன் ஆஸ்பத்திரி நர்சு விடுதியில், 'எங்க வீட்ல காலையில புட்டும் பயறும்தான்' என்று அளந்துவிட்டிருந்தாள். சொந்த ஊரான உதியன்குளங்கரையில் அந்தக் கதை செல்லாது. அவள் அம்மா சரோஜம் பெரிய வீட்டில் நெல் குத்துகிறவள் என்பதும், தவிடும் நொய்யும்தான் கூலி என்பதும், தவிட்டில் கருப்பட்டி சேர்த்து அவித்த அடையைத் தின்றே ஐந்து பிள்ளைகளும் ஆளானார்கள் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கொல்லம் ஆண்டு 1102, அதாவது 1927, ஆடி மாதம். இரண்டாம் வருட நர்சுப் படிப்பின் நடுவே லீவில் வந்தவளை அந்தப் பெரிய வீட்டுக்காரர் காந்திமதிநாதன் ஆள் விட்டு அழைத்தார். தாலுகா கச்சேரியில் கிளார்க்காக இருந்து அதிகாரமாகப் பேசிப் பழகியவர் அன்று வாசலுக்கே இறங்கி வந்தார்.

"பிள்ளை அழுது. சத்தம் வரல்ல" என்றார்.

உள்ளே அவர் மனைவி உமையம்மாள் மடியில் இரண்டரை மாத ஆண் குழந்தை. வாயைப் பிளந்து, முகம் நீலம் பாரித்து, உயிரைக் கொடுத்து அழுதது. காற்றுதான் வந்தது. இதற்கு முன் பிறந்த இரண்டும் மூன்றாம் மாதம் இப்படியே குரல் அடைந்து, மூச்சு இறைத்துப் போய்ச் சேர்ந்தவை. 'பிள்ளைதோஷம்' என்று சொல்லிவிட்டு வைத்தியர் காலையிலேயே எழுந்து போயிருந்தார்.

தங்கபாய் உமையம்மாளின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். அழுத்திய குழி மேலே வரவில்லை.

"காலு மரக்குதாம்மா?"

"நடந்தா பஞ்சுல மிதிக்கது மாதிரி இருக்கு."

உணவுப் பாடத்தில் எழுதிவைத்தது அப்படியே கண்முன் வந்தது. தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்தும் போய்விடும்; அந்த அரிசியையே தின்கிறவர்களுக்கு வரும் நோய் பெரிபெரி. தாயின் பாலில் அந்தச் சத்து இல்லாவிட்டால் குழந்தைக்குக் குரல் அடையும். பரீட்சையில் அதற்கு நல்ல மார்க்கு வாங்கியவள்தான். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இவங்களுக்கு என்ன ஆகாரம்?"

பதில் சொன்னது காந்திமதிநாதனின் அக்கா கோமளவல்லி. பேறுகாலப் பத்தியமெல்லாம் அவள் பொறுப்பு. அதில் பெருமை உண்டு அவளுக்கு. "பேறெடுத்தவளுக்கு வயித்துல அழுக்கு நிக்கப்படாது. பச்சரிசிய மூணு வட்டம் தீட்டி, கழுவி, கஞ்சிய வடிச்சு, சுட்ட உப்பும் மிளகும் சேத்துத்தான் குடுப்பேன். மூத்ததுக்கு மூணு தண்ணியில கழுவினேன், அது போச்சு. அடுத்ததுக்கு அஞ்சு. இப்ப ஏழு."

தீட்டியதில் மிஞ்சிய சத்தும் கழுவின தண்ணீரோடு போயிருக்கிறது. இந்த வீட்டில் அன்பு கூடக் கூட அரிசி வெளுத்திருக்கிறது.

"இவங்களுக்குத் தவிடு போகாத புழுங்கலரிசியும் பயறும் குடுக்கணும். ரெண்டு நாளைக்குத் தாய்ப்பால் வேண்டாம், காய்ச்சின பசும்பால் போதும். கூட, தவிட்ட ஊறவச்சு, கொதிக்கவச்சு, வடிகட்டி அந்தத் தண்ணியையும் பிள்ளைக்குக் குடுக்கணும்."

"கோழிக்குப் போடுறதையா? எங்க பிள்ளைக்கா?" கோமளவல்லி எழுந்துவிட்டாள். "இதுக்கு என்ன சாட்சி உண்டு ஒனக்கு?"

விடுதியில் இத்தனை நாளும் மூடி வைத்ததைத் தங்கபாய் அங்கேதான் போட்டு உடைத்தாள். "நானாக்கும் சாட்சி. உங்க நெல்லுல போன தவிட்டத் தின்னுதான் நாங்க அஞ்சு பேரும் வளர்ந்தோம். ஒண்ணுக்கும் குரல் அடையல்ல."

காந்திமதிநாதன் அக்காவைப் பார்த்தார், அக்கா தரையைப் பார்த்தாள். உமையம்மாள் யாரையும் பார்க்கவில்லை. "கொண்டு வா பிள்ளே" என்றாள்.

"பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் உன் அம்மையும் இந்தப் படி ஏறப்படாது" என்றாள் கோமளவல்லி.

முதல் நாள் ஊட்டியதில் பாதி வெளியே வந்தது. இரண்டாம் நாள் நெஞ்சுக்கூடு இன்னும் வேகமாக ஏறி இறங்கியது. கோமளவல்லி வாசலை மறித்து நின்று ஒவ்வொரு கரண்டியையும் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் நெல் குத்தும் ஓலைப்புரையில் சரோஜத்தின் உலக்கை ஓய்ந்திருந்தது. பாடத்தில் இருந்தது சரி, ஆனால் நேரம் தப்பிவிட்டதோ என்று தங்கபாய் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். தவறினால் ஒரு உயிரும் போகும், அம்மாவின் பிழைப்பும் போகும்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கரண்டியை உதட்டில் வைத்தபோது குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டது. குரல் கரகரத்தது, உடைந்தது, பிறகு கணீரென்று எழுந்தது. புரையிலிருந்து சரோஜம் ஓடி வந்தாள். உமையம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கோமளவல்லி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெல்லக் கேட்டாள்:

"அப்போ... மத்த ரெண்டும்?"

தங்கபாய் கத்துகிற குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அது கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அமர்த்தவில்லை.