காலடியில் வைத்த கல்

மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குக் குளிர் முதலில் விரல் நுனியில் ஏறும், பிறகு முழங்காலில், கடைசியாக நெஞ்சில். எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மார்கழி விடியலில் பச்சைமலை அடிவாரச் சாலையில் அரைமணி நேரம் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர். எதையும் தேதியோடும் மணியோடும் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து, மார்கழியில் ஒரு சனிக்கிழமை, மலையில் தெரிந்தவர் ஒருவருடைய மரவள்ளிக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினோம். மூன்று பேர், மூன்று வண்டி. நான், என் மனைவியின் தம்பி, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த சிநேகிதன். சிநேகிதனுக்கு வரதராஜன்பேட்டை. ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தான். இருபது வருட ஓட்டுநர். டிப்பரைத் தவிர வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. அவனுடைய வலது கால் விரல்களையும், அதோடு அந்த வேலையையும், மூன்றாம் வருடம் எப்படிப் போக்கினோம் என்பதை எழுதுகிறேன்.

முதல் வருடம் மூவரும் நடுங்கினோம். இரண்டாம் வருடத்துக்குள் நான் நிறையப் படித்திருந்தேன். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பயணப் புத்தகங்கள், மலையேறுகிறவர்களின் குறிப்புகள், கையில் கிடைத்ததெல்லாம். படித்ததை ஒரு தாளில் சுருக்கி எழுதி இரண்டு பேருக்கும் கொடுத்தேன். சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் செய்தித்தாளை இரண்டாக மடித்துச் செருகிக்கொள். ஸ்வெட்டருக்கு மேலே மழைக்கோட்டு போடு, காற்று உள்ளே வராது. வண்டிகளைக் காற்று வரும் பக்கம் வரிசையாக நிறுத்து, ஆனால் நெருப்பைப் பெட்ரோல் டேங்கிலிருந்து பத்தடி தள்ளியே மூட்டு. கூடாரத்துக்குள் கரியோ அடுப்போ கூடாது, புகை இல்லாமலே ஆளைக் கொல்லும். படுக்கும்போது, நெருப்பின் ஓரத்தில் சூடாக்கிய கருங்கல்லைச் சாக்கில் நான்கு மடிப்பு சுற்றிக் காலடியில் வை, ஒரு சாண் தள்ளி. ஈரமான கல்லை எடுக்காதே, வெடிக்கும்.

நான்கு மடிப்பு, ஒரு சாண் என்பதை அடிக்கோடிட்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் புறப்பட்டது மார்கழி ஐந்தாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மலையேறும் முன் ஒரு டீக்கடையில் நின்றோம். சிநேகிதன் சீனி இல்லாத டீ கேட்டான். மைத்துனன் விடவில்லை.

"என்னண்ணே, அண்ணி சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"அல்சர்டா."

"அல்சருக்குக் காரம்தான் ஆவாது. சீனி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"குடிச்சிட்டு வண்டிய எடு. இருட்டிடும்."

வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கால் நனைத்தோம். அவன் ஷூவோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தான். முந்தைய வருடமும் அப்படித்தான். நான் சொன்னேன்: "எட்டாங்கிளாஸ் வரைக்கும் செருப்பே பாக்காத காலு. இப்ப மாப்ள காலு ஆயிடுச்சு, தரையில படாது." மைத்துனன் கைதட்டிச் சிரித்தான். சிநேகிதனும் சிரித்தான். அந்த வார்த்தை அன்று முழுவதும் ஓடியது. விறகு பொறுக்கப் போனால், மாப்ள காலுக்கு முள்ளு குத்திடும். கூடாரம் அடிக்கப் போனால், மாப்ள காலு நோவும். முப்பது வருடம் பழகியவனை இப்படித்தான் நடத்தினேன். அதற்கு உரிமை இருப்பதாக நினைத்தேன்.

எட்டரைக்குச் சாப்பாடு முடிந்தது. ஒன்பதுக்கு மூவருக்கும் ஆளுக்கொரு கல். ஒரே கூடாரத்தில் வரிசையாகப் படுத்தோம், வாசல் ஓரத்தில் சிநேகிதன், கம்பளிக்குள். கால் மணி நேரம் ஆகவில்லை.

"டேய், என் கல்லு ஆறிப்போச்சுடா. ஒண்ணுமே தெரியல."

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். சாக்கின் மேலேயே நன்றாகச் சுட்டது. "சூடாத்தான இருக்கு," என்றேன்.

"ஒனக்கு இருக்கும். எனக்கு வேற குடு."

வேறு கல் கொடுத்தேன். மறுபடியும் கூப்பிட்டான். "இதுவும் தெரியலடா. இன்னும் கொஞ்சம் சூடா வேணும்."

வெளியே நெருப்பருகே எனக்குப் பின்னாலேயே மைத்துனன் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, கேக்குறத குடுத்துடுவோம். இனிமே கேக்கவே மாட்டாரு," என்றான். நான் சிரித்தேன். மண்வெட்டியால் தணலுக்குள்ளிருந்து ஒரு கல்லை அவன் தள்ளிக் கொடுத்தான். சாக்கை விரித்து ஒரு மடிப்பு மட்டும் சுற்றினேன். சாக்கு பொசுங்கும் வாசனை வந்தது. கம்பளியைத் தூக்கி, ஒரு சாண் தள்ளி அல்ல, அவனுடைய வலது பாதத்தை ஒட்டியே வைத்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறை போட்டிருந்தான். வைத்தது என் கை. மைத்துனன் தூண்டினான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

படுத்துக்கொண்டு துண்டை வாயில் அடைத்துக் காத்திருந்தோம். துள்ளி எழுந்து எங்கள் பரம்பரையையே திட்டுவான், அதை வருடம் முழுவதும் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தோம். மைத்துனன் என் காதில் எண்ணினான். இருபது, முப்பது, நாற்பது.

"ம்," என்றான் சிநேகிதன். "இப்பதான்டா லேசா தெரியுது. நல்லாருக்கு. இத மொதல்லயே குடுக்கறதுக்கென்ன."

"எருமத் தோலு மாமா," என்றான் மைத்துனன், ஏமாந்துபோய். டார்ச் வெளிச்சத்தில் குறிப்பேட்டில் எழுதினேன்: 9.50, மூன்றாவது கல், கத்தவில்லை. பிறகு தூங்கிவிட்டேன். அந்தக் கல்லை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நாலே முக்காலுக்கு விழித்தபோது அவன் எங்களுக்கு முன்னால் எழுந்து, வழக்கம்போல் இருட்டிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு, சுள்ளி பொறுக்கி டீ போட்டிருந்தான். "என்னமோ பொசுங்குன வாசனைடா," என்றான். "சாக்கு," என்றேன். ஆறரை வரை அந்தக் காலோடு நடமாடினான், கூடாரத்தைச் சுருட்டினான். ஏழு மணிக்கு மலை இறங்கினோம். பின் பிரேக்கை அவன் மிதித்ததெல்லாம் அந்த வலது காலால்தான்.

அதே டீக்கடையில் நின்றபோது மைத்துனன் கீழே பார்த்தான்.

"என்னண்ணே, கடைசியில மாப்ள காலு ஓடையில எறங்கிடுச்சா? ஷூ நனைஞ்சு கெடக்கு."

சிநேகிதன் குனிந்து பார்த்தான். அவன் எந்த ஓடையிலும் இறங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து, மெதுவாகக் கயிற்றை அவிழ்த்து ஷூவைக் கழற்றினான். காலுறையோடு அடிப்பாதத்துத் தோலும் வந்தது. உள்ளே வெள்ளையாக, கட்டைவிரல் பக்கம் கறுத்து இருந்தது. டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லடா."

வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் குரலில்கூட அவ்வளவு பயத்தை நான் கேட்டதில்லை. பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆலையில தெரியக்கூடாது. தை மாசக் கடைசில மெடிக்கல் இருக்கு. காலு மரத்துப்போனவன டிப்பர்ல ஏத்த மாட்டாங்க."

சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். தெரிந்தவர் கண்ணில் படாமல் ஜெயங்கொண்டத்தில் போய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தான். போன வருடமே மரக்க ஆரம்பித்த பாதத்தில் ஆறு மாதமாக எதுவும் தெரியவில்லை. அதனால்தான் ஷூ, அதனால்தான் ஓடையில் இறங்காதது. சீனி இல்லாத டீயிலிருந்து எல்லாம் என் குறிப்பேட்டில் தேதியோடு இருந்தது. நான் கூட்டிப் பார்க்கவில்லை.

"சூடாவது தெரியுதான்னு பாக்கத்தான்டா கல்லு கேட்டேன்," என்றான். "ரெண்டு கல்லுக்குத் தெரியல. மூணாவதுக்குக் கணுக்கால்கிட்ட லேசா தெரிஞ்சுது. காலு திரும்பி வருதுன்னு நெனச்சேன். அந்த சந்தோசத்துலயே தூங்கிட்டேன்."

மைத்துனன் எழுந்து வண்டிகள் நின்ற பக்கம் போனான்.

பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தபடி, "சைலன்சர் சுட்டுடுச்சு," என்றேன். டாக்டர் இளம் பெண். புண்ணைப் பார்த்துவிட்டு, "சைலன்சர் அடிப்பாதத்துல படாதுங்க. உண்மையச் சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்," என்றார். கல் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"ராத்திரி ஒன்பது ஐம்பதுலேருந்து காலைல எழுந்திரிக்கிற வரைக்கும்."

"துணி சுத்தியிருந்ததா?"

"சாக்கு. நாலு மடிப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாலு மடிப்புக்கே இவ்வளவா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நேரத்தை நிமிடத்தோடு சரியாகச் சொன்னேன். மடிப்பில் பொய் சொன்னேன். சிநேகிதன் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் அவன் மனைவி வந்தார். வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி போயிருக்கிறது, கையில் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. "சுகர் இருக்குன்னு தெரியும்ண்ணே. காலு மரத்தத எங்கிட்டயும் சொல்லல பாருங்க. நீங்க கூட இருந்ததால ஆச்சு. தனியா இருந்திருந்தா யாரு பாத்திருப்பா," என்றார். என்னைக் கும்பிடவும் செய்தார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். தையில் வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு கோலோடு. பெருவிரல் இல்லாவிட்டாலும் பெடல் மிதிக்கலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு மிதித்துக் காட்டினான். தை கடைசி மெடிக்கலில் ஆலையின் மருத்துவ அதிகாரி விரலைப் பற்றிக் கேட்கவில்லை. லீவுக்காகக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் படித்தார். நான்கு மடிப்புச் சாக்கில் சுற்றிய கல்லின் மிதமான சூட்டை இரவு முழுவதும் உணராத பாதம் என்று அதில் இருந்தது. அன்றே அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கேட்டில் நாற்காலி போட்டு, உள்ளே வரும் டிப்பர்களுக்குச் சீட்டுக் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள். காலில் உணர்வு இல்லாதவனை டிப்பரில் ஏற்றக் கூடாதுதான். அதில் அவர்கள் மேல் தப்பில்லை.

இதற்கிடையில் அவனை ஏழு முறை போய்ப் பார்த்தேன். ஏழு முறையும் சர்க்கரை, சாப்பாடு, மழை என்று பேசிவிட்டு வந்தேன். எட்டாவது முறை போனது மாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஆலை கேட்டுக்கே போனேன். சாலையெல்லாம் வெள்ளைத் தூசி. அவன் காக்கிச் சட்டை போட்டு, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கி மூணாவது கல்லு," என்று ஆரம்பித்தேன். "தணலுக்குள்ளேருந்து எடுத்தது. ஒரு மடிப்புதான் சுத்துனேன். நீ கத்துவன்னு, விளையாட்டுக்கு."

அவன் ஒரு டிப்பருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். ஓட்டுநர் மேலிருந்து, "என்னண்ணே, சொகமா," என்றார். கையைக் காட்டி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினான்.

"தெரியும்டா. ஒம் மச்சினன் ரெண்டாவது நாளே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டு அழுதான். வாயப் பொத்திட்டுப் போடான்னு அனுப்பிட்டேன். அவன் சின்னப் பய. நீ எப்ப சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த டிப்பருக்கும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

"எத்தன நாளாச்சு? நீதான் கரெக்டா சொல்லுவியே."

"எண்பது."

"மெடிக்கலுக்கு முன்னாடி அம்பது நாளு இருந்துச்சு. அந்தச் சீட்டுல ஒரு மடிப்புன்னு மாத்தி வாங்கியிருந்தீன்னா, நெருப்புக் கல்லு, யாருக்கா இருந்தாலும் வெந்துதான் போவும்னு சொல்லிப் பாத்திருப்பேன். எம்பேருல நீ எழுதி வச்சது நாலு மடிப்பு." குரலை உயர்த்தவே இல்லை. "இப்பவாவது போயி அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லு. மாத்திக் குடுப்பாங்களான்னு கேளு."

போனேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், மண்வெட்டி, சாக்கு, வாயில் அடைத்த துண்டு உட்பட. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு மடிப்புன்னா அவர் சூடு தாங்காம இன்னும் சீக்கிரம் கால இழுத்திருக்கணும். இழுக்கல. அப்போ நான் எழுதுனத விட அவர் காலு மோசமாத்தான் இருந்திருக்கு. இத மாத்தி எழுதுனா அவருக்கு என்னங்க லாபம்? அன்னிக்கே சொல்லியிருந்தா புண்ணு எவ்வளவு ஆழம்னு நான் வேற மாதிரி பாத்திருப்பேன். மூணு வெரலும் போயிருக்கணும்னு இல்ல. போயும் இருக்கலாம். தெரியாது."

சாயங்காலம் மறுபடியும் ஆலை கேட்டுக்குப் போனேன். விரல்களைப் பற்றி டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்வதா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஷிப்டு மாறுகிற நேரம், டிப்பர்கள் வரிசையாக நின்றன.

"மாத்திக் குடுத்தாங்களா?" என்றான்.

"இல்ல."

"என்ன சொன்னாங்க?"

முழுவதையும் சொன்னேன். மூன்று விரல் என்றபோது அவன் சீட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தான். பின்னாலிருந்து ஒரு டிப்பர் ஹாரன் அடித்தது.

"ஓரமா நில்லு," என்றான். "வண்டி வருது."