உலைக்குள் போன லாபம்

எங்கள் தெருவில் கண்ணாடிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். கீழே அவருடைய பட்டறை, அதற்கு மேலே என் அறை. காலையில் நான் கண் விழிப்பதே அவர் கண்ணாடி முறிக்கும் சத்தத்தில்தான். வெட்டுச் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுப்பார். நடுவில் நிறுத்தமாட்டார், போன கோட்டில் இன்னொரு முறை ஓட்டவும் மாட்டார். பிறகு மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து, அவ்வளவுதான். விரல் முழுக்கத் தழும்பு. "விசா ஆபீஸ்ல என் ரேகையே விழல தம்பி. நீ ஆளே இல்லன்னுட்டு மெஷின் அழுதுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

பட்டறையில் அவருக்குச் சரிபாதி பங்காளி, மனைவியின் அண்ணன். இவருக்குக் கை, மச்சானுக்கு வாய். ஊரெல்லாம் சுற்றி வேலை பிடித்து வருவது அவர். முன்பு சாப்பாட்டுக் கடை வைத்து நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவர். கடையை மூடிய கையோடு தங்கை வீட்டுக்காரரோடு சேர்ந்துவிட்டார்.

போன வருடம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளியலறைக் கதவுகள் முழுவதும் இவர்களுக்கு வந்தன. முதன்முதலாக லாபம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததோடு சரி. மொத்தத்தையும் போட்டு, போதாததற்கு வங்கியிலும் கடன் வாங்கி, கண்ணாடியைச் சுட்டு உறுதியாக்கும் உலை ஒன்றை இறக்கினார்கள். பட்டறையின் பின்பாதியை அடைத்துக்கொண்டு அது படுத்திருந்தது.

அப்போதே அவர்களுக்கு வரிக்கணக்குப் பார்க்கும் அம்மா எச்சரித்திருந்தார். வருடம் முடிவதற்குள் கூட்டுத் தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றிவிடுங்கள் என்று தாள்களையும் தயாரித்துக் கொடுத்தார். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. நிர்வாக இயக்குநர் யார் என்ற ஓர் இடம்தான் பாக்கி.

"நீங்க எழுதுங்க மாப்பிள்ளை. பட்டறையே உங்க கைதான்."

"என்ன மச்சான் பேசுறீங்க? மூத்தவர் நீங்க இருக்கும்போது நான் போய் மேல உக்காரவா?"

"எங்க வீட்டு மாப்பிள்ளையைக் கீழ வச்சுட்டு நான் மேல உக்காந்தா ஊர் என்னைத் துப்பாதா?"

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. வேறு வீட்டில் நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். இங்கே நாற்காலியைத் தள்ளித் தள்ளியே காலத்தைக் கடத்தினார்கள். தாள்கள் மேசையில் அளவு நாடாவுக்கு அடியில் கிடந்தன. வருடம் முடிந்தது.

அப்புறம்தான் அந்த உறை வந்தது. கண்ணாடிக்காரர் மாடியேறி வந்து என்னிடம் நீட்டினார்.

"பிரிங்க தம்பி. படிக்கத் தெரியாம இல்ல, தைரியம் இல்ல."

எனக்கு மட்டும் இருக்கிறதா? பிழைக்க வந்த இந்த நாட்டில் அரசாங்க உறை என்றால் நானே இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருப்பேன். இரண்டு மொழியில் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் பயப்படத் தெரியும், அவ்வளவுதான். வருமான வரி, அதுவும் அவர் பெயருக்கே. தொகையில் எத்தனை பூஜ்யம் என்று விரல் வைத்து எண்ணினார். மறுநாள் அவரோடு நானும் கணக்கு அம்மாவிடம் போனேன்.

"நான் வீட்டுக்கு ஒரு காசு எடுத்துட்டுப் போகலம்மா" என்றார் அவர். "லாபம் பூரா அந்த உலையில நிக்குது. வேணும்னா வந்து பாக்கட்டும்."

"எடுத்தீங்களா இல்லையான்னு அவங்க கேக்கமாட்டாங்கண்ணே. கூட்டுத் தொழில்ல தொழிலுக்குத் தனியா வரி கிடையாது. லாபத்தைப் பிரிச்சு அவங்கவங்க தலையில வச்சுடுவாங்க. பாதி உங்க வருமானம். கையில வந்தாலும் வராட்டாலும்."

"அப்ப உலை செலவு இல்லையா?"

"செலவுதான். ஆனா ஒரே வருஷத்துல கழிக்க விடமாட்டாங்க. தேய்மானம்னு கொஞ்சம் கொஞ்சமா பல வருஷத்துக்குத்தான்."

"மச்சானுக்கும் இதே அளவா?"

அம்மா தயங்கினார். "அவருக்கு இல்லண்ணே. மூடின கடையோட பழைய நட்டம் இருக்குல்ல, அதை இந்த லாபத்துல கழிச்சாச்சு."

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா? ஒழுங்கா பொழைச்சது தப்பாப் போச்சு."

"இப்ப கம்பெனியா மாத்திட்டா?" என்று நான் கேட்டேன்.

"மாத்துங்க, நல்லதுதான். கம்பெனின்னா அது தனி ஆள் மாதிரி. அதோட லாபத்துக்கு அதுவே கட்டும். நீங்க வாங்குற சம்பளத்துக்கும், லாபத்துல பங்கு எடுத்தா அதுக்கும்தான் உங்களுக்கு வரி. உள்ளேயே விட்டு வச்சா உங்களைத் தேடி வராது. கடன்காரனும் லேசுல உங்க வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஆனா அதெல்லாம் இனிமேதான். முடிஞ்ச வருஷத்தைத் திருத்த முடியாதுண்ணே."

அவர் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வரும் வழியில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த சின்னக் கடையின் முன் நின்றுவிட்டார். அது அவர் மனைவி பார்த்து வைத்திருந்த இடம். ஓட்டல் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவர் அவர். உடைகளை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் கடை ஒன்றைச் சொந்தமாக வைக்க வேண்டும், உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. முன்பணத்துக்காகச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்திருந்தார். வீட்டில் இருந்த பணம் அது ஒன்றுதான்.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது மச்சானும் அங்கேதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டுக் குன்றிப் போய்விட்டார். "பட்டறைக் கணக்குல இருக்கிறது வங்கித் தவணைக்கே பத்தாது மாப்பிள்ளை. என்னைத் தலைகீழா உலுக்கினாலும் பைசா விழாது."

"உங்களை யாரு மச்சான் கேட்டா?"

"கேட்டுடுங்களேன். கேக்காம இருக்கிறதுதான் சுடுது."

கண்ணாடிக்காரர் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன், யாரைத் திட்டுவது?

"ரெண்டு பேரும் மரியாதை குடுத்துக்கிட்டீங்க. அதுக்கு நான் பில் கட்டணும், அதானே?" என்றார். குரல் உயரவே இல்லை. உள்ளே போய் முன்பணத்துக்குச் சேர்த்த பண உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போண்ணே" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

வரியைக் கட்டினார்கள். கம்பெனித் தாள்களில் நிர்வாக இயக்குநர் இடத்தை மச்சான் தன் பெயரால் நிரப்பினார். இவர் மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பில்லை.

இரண்டு மாதம் கழித்து, மனைவி பார்த்து வைத்திருந்த அந்தக் கடையை யாரோ கைப்பேசி விற்கிறவர் எடுத்தார். முகப்புக் கண்ணாடி போடச் சொல்லி வந்தது இவர்களிடம்தான். பட்டறைக்கு வேலை வேண்டும், தவணை நிற்காது. கண்ணாடிக்காரரே அளவெடுத்தார், அவரே வெட்டினார், அந்த உலையிலேயே சுட்டார். தூக்கிப் பிடிக்க நானும் கூடப் போனேன்.

மேல் மூலையில் சட்டம் லேசாக இடித்தது. "கொஞ்சம் சீவி விடுங்களேன்" என்றார் கடைக்காரர்.

"உலையில போய் வந்ததை வெட்ட முடியாதுங்க. தொட்டா மொத்தமும் பொடியாயிடும்" என்றவர், சட்டத்தைத்தான் கொஞ்சம் செதுக்கினார். கண்ணாடி சரியாக உட்கார்ந்தது. துணியை எடுத்துத் துடைத்தார்.

எதிரே பேருந்து வந்து நின்றது. சலவைக்கூட வேலை முடிந்து அவர் மனைவி இறங்கினார். எங்களைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். கிட்டே வந்து, "அந்த ஓரத்துல இன்னும் கறை இருக்கு" என்று காட்டிவிட்டு நடந்தார்.

அவர் காட்டிய இடத்தில் கறை ஒன்றும் இல்லை. கண்ணாடிக்காரர் துடைத்துக்கொண்டே இருந்தார்.