மாத்திரையும் சிறுகுறிஞ்சானும்

அப்பா ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். மூட்டை தூக்கியவர், ஓட்டக் கற்றுக்கொண்டு ஏறிய சீட் அது. வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை அதிகம் இருந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

செக்கப் நெருங்கியதும் வேப்பனப்பள்ளியிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, சர்க்கரையைக் குறைக்கும் என்று சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா தினமும் அதைக் கசாயமாக்கிக் குடித்தார். டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் விடவில்லை. சோற்றை மட்டும் குறைத்தார்.

செக்கப் அன்றைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சாப்பிடவில்லை, ஆனால் மாத்திரையைப் போட்டு, கசாயத்தையும் கெட்டியாகக் குடித்துவிட்டார். சட்டைப் பட்டன் போடும்போது கை நடுங்கியது. எங்கள் ஊர் மத்திகிரியின் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை.

“ஏங்க, என்னா பண்ணுது?” என்றாள் அம்மா.

“ஒன்னுமில்ல. பஸ்ஸு வந்துரும், வுடு.”

“நிக்கவே முடியல, இதுல பஸ்ஸாம்!”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவுக்கு மாத்திரை எழுதிய அன்றே, சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும் என்று டாக்டரை விடாமல் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். சர்க்கரை தாழ்ந்துவிட்டது. சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்து நீட்டினேன்.

“சக்கரத் தண்ணியா? இன்னைக்கா? என்னைய சீட்ட வுட்டு எறக்கவா பாக்கற, பாப்பா?”

“குடிங்கப்பா. மயங்கி வுழுந்தா சீட்டு தானா போயிரும்.”

முறைத்துக்கொண்டே குடித்தார். நடுக்கம் அடங்கியதும் இட்லி கொடுத்து, பொடிப் பொட்டலத்தோடு ஆட்டோவில் எங்கள் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

“மூலிகையும் மருந்துதாங்க. சக்கர மாத்திரையோட இதையும் சேத்து, பட்டினியும் கெடந்தா எப்படி? எங்கிட்ட கேக்காம எதையும் சேக்காதீங்க. வண்டி மேல இருக்கறப்ப இப்படி ஆயிருந்தா?” என்றார் டாக்டர்.

கம்பெனியில் அப்பா வண்டிக்கு முன்னால் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். “அப்ப சீட்டு?” என்றார் அப்பா.

“மாத்திரைய ஒழுங்கா போட்டு, நேரத்துக்கு சாப்புடுங்க. ஓட்டலாம்.”

செக்கப்பை வேறு நாளுக்கு மாற்றித் தரக் கேட்டுக்கொண்டோம். கசாயம் இல்லாமல் போனார். ஓட்டத் தகுதி என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். “பொடி வேல செஞ்சிச்சா மாமா?”

“செஞ்சிச்சு மாப்ள, கொஞ்சம் ஜாஸ்தியாவே. இனிமே எதைக் கொண்டாந்தாலும் மொதல்ல எம்பொண்ணு கையில குடு. அவ டாக்டர்ட்ட கேட்டப்புறந்தான் என் வாய்க்கு.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். மறுநாள் முதல் ஷிப்ட். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டப் போனார்.