கிணற்றுக்குள் இருந்த கல்

நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கொடிகாமத்தில் இருந்த தோட்டத்தை ஐயா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தார். தோட்டத்தோடு கிணறும் எனக்குத்தான். ஆனால் அந்தக் கிணற்றைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை அவர் அண்ணைக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அண்ணை கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்க ஐயா பனையோலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் இறைப்பார். நான் மண்வெட்டியோடு மிளகாய்ப் பாத்திகளுக்குள் நின்று தண்ணீரைத் திருப்பி விடுவேன். நாலு பாத்தி மிச்சம் இருக்கும்போதே ஐயா "காணும், நிப்பாட்டு" என்று குரல் கொடுத்துவிடுவார். கிணற்றில் தண்ணீர் கிடக்க ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு? போய்க் கொம்மாவோடை அடுப்பைப் பார்" என்றார்.

வெயிலில் மண்வெட்டி பிடிக்கும்போது மட்டும் நான் பொம்பிளைப் பிள்ளை இல்லையாக்கும்!

அண்ணை படித்துக் கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போய்விட்டார். எனக்கு இணுவிலில் இருந்து மாப்பிள்ளை வந்தார். நல்ல உழைப்பாளி, அவரை நான் குறை சொல்லமாட்டேன். இணுவில் கிணறுகளில் எவ்வளவு இறைத்தாலும் நல்ல தண்ணீர்தான் ஊறும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கடைசிப் பாத்தி நனையும்வரை இறைத்தார். பக்கத்து வளவில் இருந்த ஐயா தினமும் வேலியால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது மரியாதை இல்லையாம். வாயே திறக்கவில்லை.

சித்திரையில் தண்ணீர் உவர்த்துப் போனது. கஞ்சிக்கு உப்புப் போடத் தேவையில்லை என்றாகிவிட்டது. மிளகாய்க் கன்றுகள் கருகி, நின்ற இடத்திலேயே செத்தன.

அதற்குப் பிறகுதான் ஐயா வந்தார். கிணற்றின் உட்சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். தண்ணீர் அதற்குக் கீழே போகும்படி இறைத்தால் அடியில் இருந்து உவர் ஏறிவிடும், தன் தகப்பன் தனக்குக் காட்டித் தந்து, தான் அண்ணைக்குக் காட்டிக் கொடுத்த அடையாளம் அது என்றார். அதையும் என் புருஷனின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ ஐயா" என்றேன். "கிணறு என்ரை. அந்தக் கல்லை எனக்கு அண்டைக்கே காட்டியிருந்தால் இண்டைக்குத் தோட்டம் செத்திராது."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவணியில் அண்ணை லீவில் வந்தார். கிணற்றடியில் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார், இதென்ன இப்படி உவர்க்குது என்று என்னையே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றுக் கட்டுக்குக் கூட்டிப்போய், ஐயா காட்டித் தந்த கல்லை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ என்றேன்.

அண்ணை குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எந்தக் கல்லு?" என்றார்.

வேலிக்கு அங்கால் ஐயா நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.